சீட்டு கேட்காத கடைக்காரர்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகனுக்கு 29 வயது, ஐடி வேலை. மனச்சோர்வுக்காக இரண்டு வருஷம் முன்னால் டாக்டர் டையனெப்டின் 12.5 மி.கி. எழுதிக் கொடுத்தார், நாளைக்கு 3. இப்போது தினம் ஓர் அட்டை, 10 மாத்திரை போடுகிறான். தவறினால் வியர்த்துக் கொட்டுகிறது, வயிறு போகிறது, எரிந்து விழுகிறான். நான்தான் வாங்கி வருகிறேன். கடைக்காரத் தம்பி நம்ம ஊர்க்காரர், சீட்டு கேட்க மாட்டார். சேலத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது அம்மா. கால்கட்டு போட்டால் திருந்துவான் என்று எனக்கு எழுதாத அம்மாக்கள் குறைவு. அடுத்த வீட்டுப் பெண்ணை நம் பிள்ளைக்கு மருந்தாக அரைத்துக் கொடுப்பதை நான் ஒருநாளும் ஒப்ப மாட்டேன்.

"சீட்டு கேட்க மாட்டார்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. 3 மாத்திரை 10 ஆனதை ஒரு டாக்டராவது பார்த்தாரா? சீட்டு இருந்திருந்தால் நாலாவது மாத்திரையிலேயே யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டியவரை நீங்களும் ஊர்க்காரரும் சேர்ந்து வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

டையனெப்டின், மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற ரசாயனத்தின் வழியாக வேலை செய்யும் மருந்து என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். 2014-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செல்லின் மேலிருக்கும் மியூ ஓபியாய்டு ஏற்பியில் அது ஒட்டி வேலை செய்வதைக் காட்டினார்கள். மார்பின் என்கிற போதை தரும் வலி மருந்து தட்டுகிற அதே கதவு! எழுதிக் கொடுத்த அளவோடு நின்றால் பெரும்பாலோருக்குத் தொல்லையில்லை. அளவை ஏற்றிக்கொண்டே போனால் செல் மரத்துப்போகும். நேற்றைய அளவுக்கு இன்று அசையாது. மருந்தோ சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த வியர்வையும் எரிச்சலும் அதனால்தான், அவன் குணத்தால் அல்ல. மருந்து பிறந்த பிரான்சிலேயே 2012 முதல் ஒரு சீட்டுக்கு 28 நாள்தான் கணக்கு. உங்களுக்குச் சீட்டே வேண்டாம்!

சரி, கோபத்தில் இன்றே மாத்திரையைப் பிடுங்கிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அவஸ்தை அதிகம். டாக்டர் பார்த்துத்தான் குறைக்க வேண்டும். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அவனோடு நீங்களும் போங்கள். தூக்கக் கலக்கமாகவோ மூச்சு மந்தமாகவோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

சேலத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று போன் போடுங்கள். மறைத்துக் கட்டி வைத்தால் அதற்குப் பெயர் ஏமாற்று.

அப்புறம், குப்பையில் கிடக்கும் காலி அட்டைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் எண்ணட்டும்.