"நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவரிடம் மேலே என்ன கேட்பது?

கேள்வி: அலுவலகத்தில் ஒரு சிறிய குழுவுக்கு நான் பொறுப்பாளர். குழுவில் ஒருவர் சில மாதங்களாக ஆளே மாறிவிட்டார். சாப்பிட எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு போனவர் இப்போது தனியாக உட்கார்ந்திருக்கிறார். வேலையில் பிழைகள் வருகின்றன, அடிக்கடி லீவு எடுக்கிறார். விசாரித்தால், "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். நிர்வாகமோ எல்லோருக்கும் ஒரு நாள் மன அழுத்தப் பயிற்சி முகாம் நடத்தலாம், கூடவே ஒரு மனநலக் கேள்வித்தாளும் கொடுக்கலாம் என்கிறது. அது போதுமா? நான் எதுவரை தலையிடலாம்?

பதில்: முகாம் நடக்கட்டும், தப்பில்லை. ஆனால் அது அவருக்கான உதவி ஆகாது. மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு திரும்புகிறவரின் மேசையில் அதே வேலைக் குவியல் காத்திருந்தால், "உன்னால்தான் தாங்க முடியவில்லை" என்று சொன்னதுபோல் ஆகிவிடும். கேள்வித்தாள் விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. வேலையிடத்து மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2022இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஊழியர்களுக்கு மனநலச் சோதனை நடத்துவதால் வரும் நன்மை அதன் பாதகத்தைவிட அதிகமா என்பது தெளிவாக இல்லை என்று சொல்லி, அதை அவர்கள் பரிந்துரைக்கவில்லை. வேலை நடக்கும் விதத்தை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் பரிந்துரைத்தார்கள். அதனால் நிர்வாகத்திடம் கேட்பதென்றால், உங்களைப் போன்ற பொறுப்பாளர்களுக்கான பயிற்சியை முதலில் கேளுங்கள்.

இப்போது அவரிடம் பேசுவதற்கு வருவோம். "எப்படி இருக்கீங்க?" என்று நடைபாதையில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, அரை மணி நேரம், மேசைமேல் கைப்பேசி கிடையாது. அப்ரைசல் நடக்கும் நாட்களில் வேண்டாம். "டிப்ரஷனா?" என்று கேட்காதீர்கள், நோய்க்குப் பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "போன ரெண்டு ரிப்போர்ட்டும் லேட்டா வந்துது. நீங்க அப்படிச் செய்யற ஆள் இல்லை. குறை சொல்லக் கூப்பிடலை, உங்களைப் பத்தித்தான் யோசனையா இருக்கு. என்ன நடக்குது?"

அப்புறம் பேசாமல் இருங்கள். இதுதான் பலருக்கும் கஷ்டம். சில நொடி மௌனத்தைத் தாங்க முடியாமல், "எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை…" என்று நாமே ஆரம்பித்துவிடுகிறோம். அந்த மௌனத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அன்று அவர் ஒன்றும் சொல்லாமலே எழுந்து போகலாம். பரவாயில்லை, அடுத்த வாரம் மறுபடி பேசலாம் என்று நாள் குறித்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில் வாய் திறப்பவர்களே அதிகம்.

அவர் சொல்லும் காரணம் வீடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் துருவ வேண்டாம். வேலை சம்பந்தப்பட்டதாக இருந்தால், அது முழுக்க உங்கள் பொறுப்பு. மனநல மருத்துவரால்கூடச் செய்ய முடியாத ஒன்றை அங்கே நீங்கள் செய்யலாம். ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது: வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளை முறிப்பதில்லை, வேலை அதிகமாக இருந்து, அதை எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் பாரம் உச்சத்துக்குப் போகிறது.

அதனால் அவரோடு உட்கார்ந்து, இப்போது அவர் கையில் இருக்கும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது, எப்போது முடிக்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். அந்தத் தாளில் நீங்கள் அறியாத வேலைகள் கட்டாயம் இருக்கும். விலகிப் போன ஒருவரின் வேலை "ஆள் வரும்வரை" என்று இவர் தலையில் விழுந்து அப்படியே நின்றிருக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக "இதுதான் அவசரம்" என்று சொல்லியிருக்கலாம். "இதில் எதை எடுத்துவிட்டால் மூச்சு விட முடியும்?" என்று கேட்டு, அவர் காட்டுவதை எடுத்துவிடுங்கள். கேட்காமல் நீங்களாக முக்கிய வேலையைப் பிடுங்கிவிட்டால், அவர் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார். அவசரம் என்று சொன்ன இரண்டு பேரிடமும் பேச வேண்டியது நீங்கள், அவர் அல்ல.

வேலை நேரத்தையும் பாருங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. இரவு பத்து மணிக்கு நீங்கள் அனுப்பும் செய்தியை "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்ற குறிப்போடு அனுப்பினாலும், அவர் அப்போதே பார்ப்பார். காலையில் அனுப்புங்கள்.

வேலையைச் சரிசெய்தும் மாற்றம் இல்லை, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். "போய்ப் பாருங்க" என்பதோடு விட்டுவிடாமல், எந்த நாள் லீவு வேண்டும், அலுவலகத்தில் கவுன்சிலிங் வசதி இருக்கிறதா, காப்பீட்டில் மனநலச் சிகிச்சை சேருமா என்பதையெல்லாம் நீங்களே விசாரித்துக் கையில் கொடுங்கள். சோர்ந்திருப்பவருக்கு அந்த நான்கு போன் அழைப்புகளே மலையாகத் தெரியும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். "உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்று பட்டால் தவிர" என்பதே நேர்மையான வாக்கு. "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்பதுபோல் அவர் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆமாம் என்றால், அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து, அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே அணுகுங்கள்.

குழுவில் மற்றவர்கள் கேட்டால், "கொஞ்ச நாளைக்கு வேலையை மாற்றிப் பிரித்திருக்கிறோம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவரிடமிருந்து எடுத்த வேலை அடுத்தவர் தலையில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. எதைத் தள்ளிப் போடுவது, எதை விட்டேவிடுவது என்று உங்கள் மேலதிகாரியிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.