“நான் ஸ்கூலுக்குப் போறதாலதான் காசு இல்லையா?”

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வயது. முதல்முறையாகப் பள்ளியில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு என் கணவர் உடம்பு முடியாமல் பல மாதம் வீட்டில் இருந்தார். அப்போது ஏறிய கடன் இன்னும் எங்களை விடவில்லை. கிரெடிட் கார்டு பாக்கி, வங்கியில் தனிநபர் கடன், என் அக்காவிடம் வாங்கிய கைமாற்று என்று மூன்று இடத்தில் நிற்கிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். தவணை போக மிஞ்சுவதில் மாதத்தை ஓட்டுவதே பெரும்பாடு. இதற்கிடையில் வகுப்பில் யாரோ போட்டு வந்த லைட் எரிகிற ஷூவை மகள் கேட்டாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கார்டைத் தேய்த்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் குழந்தை, “அம்மா, நான் ஸ்கூலுக்குப் போறதாலதான் நம்மகிட்ட காசு இல்லையா?” என்று கேட்டாள். எனக்குப் பேச வாய் வரவில்லை. தினமும் பள்ளி வாசலில் என் கையை விடாமல் அழுகிறாள். முதல் வருடம் மட்டுமாவது கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு அவளுக்குக் குறையில்லாமல் செய்யலாம் என்கிறேன் நான். இன்னொரு வேலையும் பார்த்து எல்லாக் கடனையும் சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிறார் அவர். யார் சொல்வது சரி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். கடன் கணக்கை அடுத்த வாரம் உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்து வயதுக் குழந்தை, வீட்டில் நடப்பதையெல்லாம் தன்னோடு முடிச்சுப் போட்டுத்தான் புரிந்துகொள்ளும். ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் குழந்தைகளின் சிந்தனையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை, தான் இருக்கும் இடத்தை விட்டு விலகி நின்று ஒரு விஷயத்தைப் பார்ப்பது குழந்தைக்குச் சிரமம் என்று அவர் சொன்னார். உங்கள் மகளின் கணக்கைப் பாருங்கள். பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஷூ வாங்கினாள். அப்பாவும் அம்மாவும் சத்தம் போட்டார்கள். ‘காசு’ என்ற வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அப்படியானால் காரணம் யார்? அவளுக்குத் தெரிந்த வரையில் ஒரே ஒருத்திதான். அப்பாவின் நோய், வட்டி, தவணை எதுவுமே அவளுடைய உலகத்தில் இல்லை.

அதனால் அவளிடம் கடனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், அவள் வயதுக்கு ஏற்ற அளவில். சண்டை நடந்த சூட்டோடு வேண்டாம், தூங்கப்போகும் நேரத்திலும் வேண்டாம். விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: “நீ அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, அதுக்குப் பதில் சொல்றேன். நீ ஸ்கூலுக்குப் போறதால காசு குறையல. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதப்ப நாங்க கொஞ்சம் பணம் வாங்கினோம். இப்ப அதைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுத்துக்கிட்டு இருக்கோம். அது பெரியவங்க வேலை, நாங்க பாத்துக்குவோம். அன்னிக்கு நாங்க சத்தம் போட்டது உன்னால இல்ல.” இவ்வளவு போதும். கணவரும் கூட இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் அதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் அதே பதிலையே சொல்லுங்கள். தொகை எவ்வளவு, யாரிடம் வாங்கினோம் என்பதெல்லாம் அவளுக்குத் தேவையில்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்றும் சொல்லிவிடாதீர்கள். ரகசியத்தைக் காப்பாற்றும் சுமை அந்த வயதுக்கு மிக அதிகம்.

அடுத்தது அந்த ஷூ. வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, அவள் ஆசையாகப் போட்டுக்கொள்ளட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடாதீர்கள், அவள் கவனிப்பாள். ஆனால் இனிமேல் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ‘காசே இல்லை’ என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு ஒரு குழந்தை என்னென்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும் தெரியுமா? நாளைக்குச் சாப்பாடு இருக்காது, வீடு இருக்காது என்றெல்லாம் நினைக்கும். “இந்த மாசம் அது நம்ம லிஸ்ட்ல இல்ல” என்று சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள். ஆசைப்பட்டது கிடைக்காத வருத்தம் அன்றைக்குள் ஆறிவிடும். வாங்கிக் கொடுத்துவிட்டு அதற்காகச் சண்டை போடும் வீட்டில் ‘நான் ஏன் கேட்டேன்’ என்று அந்தக் குழந்தை தன்னையே கேட்டுக்கொள்ளும். அது அவ்வளவு சுலபமாக ஆறாது. அவளுக்குக் குறை வைத்துவிடக் கூடாது என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இந்த வயதில் குறை என்று சொன்னால், எனக்குத் தெரிந்து, வீட்டில் யாருக்கும் அவளோடு உட்கார நேரமில்லாமல் போவதுதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டும் யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்களைப் போட்டு நீங்களும் இப்படிப் பாருங்கள். பாக்கி 1,00,000, வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 5,000 கட்டுகிறீர்கள். அதில் 3,000 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 2,000தான். பாக்கி குறையக் குறைய அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்படியே கட்டிக்கொண்டு போனால் 31 மாதம் கழித்தும் பாதிக்கு மேல் கடன் அப்படியே நிற்கும். அதே 5,000த்தைக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால், கார்டில் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால், ஏறக்குறைய 31 மாதத்தில் முழுக்கடனும் தீர்ந்துவிடும். 8,000 கட்ட முடிந்தால் 16 மாதம். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாகத் தெரிந்தாலும் வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. முதல் வருடம் மட்டும் என்று தள்ளிப்போட்டால், உங்கள் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகும்போதும் நீங்கள் இதே கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே எல்லாக் கடனையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம். வட்டி அதிகமானதை முதலில் தீருங்கள். உங்கள் விஷயத்தில் அது கார்டாகத்தான் இருக்கும். வங்கிக் கடனுக்கு வழக்கமான தவணை போகட்டும், முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்று மட்டும் விசாரித்து வையுங்கள். கார்டைக் கைப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள், போனில் ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்த எண்ணையும் அழித்துவிடுங்கள். எந்த மாதமாவது தவணை கட்ட முடியாது என்று தோன்றினால், தேதி தாண்டிய பிறகு பயந்துகொண்டு போனை எடுக்காமல் இருக்காதீர்கள். தேதிக்கு முன்பே நீங்களாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். தவறிய பிறகு பேசுவதைவிட முன்னாலேயே பேசினால் அவர்கள் இறங்கிவர வாய்ப்பு அதிகம்.

அக்காவின் பணத்துக்கு வட்டி இல்லை என்பதால் கடைசியில் வையுங்கள். ஆனால் சொல்லாமல் வைக்காதீர்கள். “அக்கா, கார்டு முடியறதுக்கு இவ்வளவு மாசம் ஆகும், அதுக்கப்புறம் உனக்கு மாசாமாசம் இவ்வளவு தர ஆரம்பிக்கிறேன்” என்று நேரில் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தால் அவர் காத்திருப்பார். தெரியாமல் இருந்தால் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு புதுத் துணியும் அவர் கண்ணை உறுத்தும். உறவுக்குள் மனக்கசப்பு அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம் இது. பள்ளிக்குப் போகும் முதல் வருடத்தில் குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு வரும். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். மற்றக் குழந்தைகளோடு புதிதாகப் பழகும் காலத்தில் அது கூடவும் செய்யலாம். டாக்டர், மருந்து, உங்கள் இருவரில் ஒருவருக்குச் சம்பளம் போகும் லீவு, எல்லாம் சேர்ந்து வரும். அதற்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் கடனுக்குக் கூடுதலாகக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காய்ச்சல் வந்ததும் மறுபடியும் கார்டைத்தான் தேய்ப்பீர்கள்.

உங்கள் கணவரின் வேகத்தை மதிக்கிறேன். கடனுக்குத் தான்தான் காரணம் என்று அவருக்குள் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும்போலத் தெரிகிறது. நோய் வந்தது அவர் தப்பில்லை என்பதை மகளிடம் சொல்வதுபோல அவரிடமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது வேலை பார்க்கலாம், ஆனால் டாக்டரைக் கேட்டுவிட்டு, முடியும் தேதி வைத்துக்கொண்டு. கார்டு பாக்கி தீரும் வரை, வாரத்தில் இத்தனை நாள் மட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கூடுதல் வருமானம் அப்படியே கார்டுக்குப் போக வேண்டும். உடம்பைக் கெடுத்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பணக்கவலை மனதை எவ்வளவு அடைத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு ஆராய்ச்சி உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத காலத்தில் ஒருமுறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒருமுறையும் சில புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். அதே ஆட்கள்தான், பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. நீங்கள் பொறுமை இழப்பதும், சின்ன விஷயத்துக்கு வெடிப்பதும் உங்கள் குணம் கெட்டுப்போனதால் அல்ல. மனசில் இடமில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைக் கொஞ்சம் மீட்க ஒரே வழி, பணப்பேச்சுக்கு ஒரு நேரம் ஒதுக்குவது. வாரம் ஒருமுறை, மகள் தூங்கிய பிறகு, பில்களை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுங்கள். மற்ற நாட்களில் ஞாபகம் வந்தால் ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். காலையில் அவளைக் கிளப்பும் நேரத்தில் காசுப் பேச்சு அறவே வேண்டாம்.

பள்ளி வாசல் அழுகையிலும் பாதி இதனால் குறையும் என்று நினைக்கிறேன். வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் குழந்தை அம்மாவை விட்டு நகர யோசிக்கும். மீதிப் பாதிக்குத் தூக்கம் முக்கியம். ஐந்து வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலையில் சீக்கிரம் எழுப்புகிறோம், இரவில் நாம் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுக்க நேரமாகிறது, நடுவில் குழந்தையின் தூக்கம்தான் அடிபடுகிறது. வாசலில் விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முத்தம், “சாயங்காலம் நாலு மணிக்கு இதே கேட் கிட்ட நிப்பேன்” என்று ஒரு வார்த்தை, அப்புறம் கிளம்பிவிடுங்கள். அவள் பார்க்காத நேரத்தில் நழுவக் கூடாது. அப்படிச் செய்தால் மறுநாள் கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். சொன்ன நேரத்துக்கு வர முடியாது என்றால் நேரமே சொல்லாதீர்கள், யார் வருவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

வகுப்பாசிரியரிடம் நாளைக்கே ஒன்று கேளுங்கள்: நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறாள்? பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கி, விளையாடப் போய்விடுவதாகத்தான் சொல்வார்கள், அப்படியென்றால் கவலை வேண்டாம். நாள் முழுக்க ஒதுங்கியே இருக்கிறாள், காலையானால் வயிற்றுவலி, தலைவலி என்கிறாள், ராத்திரி பயந்து விழிக்கிறாள் என்றால், அதுவும் நான்கு வாரத்தைத் தாண்டிப் போனால், குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள், வீட்டுச் சண்டை உட்பட.