பைபாஸ் செய்த காலில் தொடை இடுக்கு வீக்கம்: காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. தொடை இடுக்கிலிருந்து முழங்கால் வரை செயற்கைக் குழாய் வைத்து பைபாஸ் செய்து 14 மாதங்கள் ஆகின்றன. இப்போது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு வீக்கம். வலியோ காய்ச்சலோ இல்லை. கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள்.

பி.டி.எஃப்.இ., டாக்ரான் போன்ற செயற்கைப் பொருட்களால் ஆன குழாய்கள் உடலின் ரத்தக்குழாயோடு முழுதாக ஒட்டி வளர்வதில்லை. எத்தனை வருடம் போனாலும் இணைப்பைத் தாங்குவது தையல்தான். அது விட்டுக்கொடுத்தால் ரத்தம் கசிந்து, சுற்றியுள்ள திசுவுக்குள் ஒரு பை உருவாகும். வீக்கத்தின் இரு பக்கமும் விரல்களை மெதுவாக வையுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் விலகினால் அந்தப் பையாக இருக்க வாய்ப்பு அதிகம். மேல்நோக்கி மட்டும் தூக்கினால், குழாயின் மேல் தேங்கிய நிணநீராகவும் இருக்கலாம். ஆனால் விரலை நம்பி முடிவு செய்யாதீர்கள்; முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. அந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சி.டி.க்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் யாரும் அதில் ஊசி குத்தி நீர் எடுக்கக் கூடாது. அழுத்தித் தேய்ப்பதும் ஒத்தடமும் வேண்டாம்.

காய்ச்சல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமிகள் குழாயின் மேல் படலமாகப் படிந்து, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து தையல் இடத்தை அரிக்கும். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனையில்) கிருமி வளராமல் போகலாம்; பிறகு எந்த மருந்து கேட்கும் என்றே தெரியாது. கிருமி குழாயில் ஊறிவிட்டால் மாத்திரை மட்டும் போதுவது அரிது. பெரும்பாலும் குழாயை எடுத்துவிட்டு, காலின் சொந்தச் சிரையை வைத்து மாற்றுவழி போட வேண்டியிருக்கும்.

வீக்கத்தின் மேல் தோல் சிவந்தாலோ, சொட்டு ரத்தம் வந்தாலோ, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நின்றுவிட்டதே என்று திரும்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, அடைப்பு. சொந்தச் சிரையை வைத்துச் செய்த பைபாஸ் பெரும்பாலும் சுருங்கிச் சுருங்கி எச்சரிக்கும். செயற்கைக் குழாய் திடீரென்று அடைத்துக்கொள்வது உண்டு. பாதம் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் கணக்கு மணியில்தான்: சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். விரல்களை அசைக்க முடியாவிட்டால் அதுகூட இல்லை. காலை உயர்த்தி வைக்காதீர்கள், சூடும் வைக்காதீர்கள். ஆஸ்பிரினை, பல் பிடுங்குவதற்காகக்கூட, கேட்காமல் நிறுத்தாதீர்கள். புகைப்பவர் என்றால் அடைப்புக்கு அதுவே முதல் காரணமாகலாம்.