12 வோல்ட் காட்டியும் செட்டாப் பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆகிறதா?

வணக்கம். அடாப்டர் மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் பாக்ஸ் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது, போர்டு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள். என் சந்தேகம் அடாப்டர் மேல்தான்.

தனியாக வைத்து அளந்தால் பழுதான அடாப்டர்கூட 12 வோல்ட் காட்டும். லோடு ஏறும்போதுதான், அதாவது பாக்ஸ் அதிலிருந்து மின்சாரம் இழுக்கும்போதுதான், அதன் வண்டவாளம் தெரியும். பாக்ஸின் மூடியைத் திறந்து, அடாப்டர் பின் செருகும் ஜாக்கின் சால்டர் முனைகளில், பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிசி ரேஞ்சில் அளந்து பாருங்கள். ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 9, 10 என்று இறங்குகிறதா? அப்படியானால் வேறொரு 12 வோல்ட் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், பின்னின் பிளஸ் மைனஸ் மட்டும் மாறக் கூடாது. வோல்ட் இறங்காமலே ரீஸ்டார்ட் ஆனாலோ, வேறு அடாப்டரிலும் ரீஸ்டார்ட் ஆனாலோதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரும்பாலும் அடாப்டரின் அவுட்புட் கபாசிட்டர் (வெளியே வரும் மின்சாரத்தைச் சீராக்கும் சிறு உருளை) சூட்டில் உலர்ந்து, தலை உப்பியிருக்கும். மாற்றுவதானால் 105 டிகிரி, 25 வோல்ட் ரகமாகப் போடுங்கள். ஆனால் பழக்கமில்லையென்றால் தயவுசெய்து அடாப்டரைத் திறக்காதீர்கள்: உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். புது அடாப்டரே வாங்கிவிடுங்கள்.