கையெழுத்து வாங்கலாம், கைப்பக்குவத்தை?

கேள்வி: எங்கள் ஆலையில் பசை தயாரிக்கும் பிரிவில் 31 வருடமாக இருப்பவர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். கலவை விகிதம், சூடு, நேரம் எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. ஆனாலும் அவர் லீவு போட்ட நாளில் சரக்கு ஏதாவது ஒரு விதத்தில் சொதப்பிவிடுகிறது. "ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கிவிடலாம், அது போதும்" என்கிறார் முதலாளி. போதுமா?

பதில்: போதாது. அந்தத் தாள் அவர் வாயைக் கட்டும். கையில் இருப்பதை எடுத்து உங்களிடம் தராது. போட்டியாளரிடம் சொல்லிவிடுவாரோ என்று முதலாளி பயப்படுகிறார். உங்களிடமே இன்னும் சொல்லவில்லையே என்பதுதான் என் பயம்.

நானும் இதில் சூடு பட்டவள். முன்பு ஒரு தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெறவிருந்த மேஸ்திரி ஒருவரோடு நோட்டும் பேனாவுமாக ஆறு வாரம் உட்கார்ந்து 140 பக்கக் கையேடு தயாரித்தேன். அவரும் வரி வரியாகப் படித்துவிட்டு, "நீ எழுதினது எல்லாம் சரிதாம்மா" என்று கையெழுத்துப் போட்டார். அவர் போன மறுவாரமே இரண்டு தொட்டி சரக்கு வீண். மனிதரைக் கூப்பிட்டு வந்தோம். கலவை இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "மோட்டார் சத்தம் கனக்கவே இல்லையே, அதுக்குள்ள ஏன் நிறுத்துறீங்க?" என்றார். கையேட்டில் '40 நிமிடம்' என்று இருந்தது. அவர் ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தியதில்லை. பாவம், அவர் பொய் சொல்லவில்லை. நான் நேரம் கேட்டேன், அவர் நேரம் சொன்னார்.

சின்ன ஆலைகளின் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அணு ஆயுதங்களில் பயன்படும் 'ஃபாக்பேங்க்' என்ற பொருள் 1975 முதல் 1989 வரை அந்நாட்டின் ஓக் ரிட்ஜ் நகரில் தயாரானது. 2000-க்குப் பிறகு அது மறுபடி தேவைப்பட்டது. குறிப்புகள் போதவில்லை, செய்யத் தெரிந்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். புது ஆலை கட்டி, கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்து பார்த்தால் சரக்கு பழையபடி வரவில்லை. காரணம் வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. பழைய மூலப்பொருளில் கலந்திருந்த ஓர் அசுத்தம்தான் வேலையைச் செய்திருக்கிறது! புது முறையில் அதைச் சுத்தமாக நீக்கிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கே அந்த விஷயம் தெரியாது. இதற்கு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது?

ஆகவே மூன்று மாதத்தையும் எழுத வைப்பதில் கழிக்காதீர்கள். இளையவர் இருவரை அவரோடு நிற்க விடுங்கள். 1980-களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டு ரொட்டி இயந்திரம் செய்தபோது மாவு சரியாகப் பிசைபடவில்லை. மென்பொருள் பிரிவில் இருந்த பெண் ஒருவர் ஒசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய் வேலை பழகினார். அந்தக் கலைஞர் மாவை இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடித்தார். அப்புறம்தான் இயந்திரத்தின் அமைப்பு மாறியது.

கடைசி மாதம் இளையவர்கள் செய்யட்டும், பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். எந்த இடத்தில் "ஏய், இரு இரு" என்று பதறுகிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையேடு அதுதான். கெட்டுப்போன சரக்கின் கதைகளையும் கேளுங்கள். கையெழுத்தும் வாங்குங்கள், தப்பில்லை. ஓய்வுக்குப் பிறகு மாதம் இரண்டு நாள் ஆலோசகராக வரச் சொல்லி, அதற்குச் சம்பளமும் எழுதிக் கொடுத்தால் அவரும் மனதோடு கையெழுத்துப் போடுவார்.

கேள்வி: புதிதாக ஒரு தயாரிப்பு முறையைக் கண்டுபிடித்திருக்கிறோம். காப்புரிமை வாங்குவதா, ரகசியமாகவே வைத்துக்கொள்வதா?

பதில்: நீங்கள் கேட்பது பேட்டன்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். காப்பிரைட்டுக்கும் இதே சொல்லைப் போட்டு நாம் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பதிப்புரிமை என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

பேட்டன்ட் ஒரு பேரம். உங்கள் முறையை மற்றவர் செய்து பார்க்கும் அளவுக்கு வெளியே சொல்கிறீர்கள். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டு தனியுரிமை. ரகசியத்துக்குக் காலக்கெடு கிடையாது, ஆனால் ஒருநாளில் போய்விடலாம். போட்டியாளர் கடையில் உங்கள் பொருளை வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தானே புரிந்துகொண்டால், பெரும்பாலான நாடுகளில் அவர் மேல் வழக்குப் போட முடியாது. எனவே பிரித்தால் தெரிகிற விஷயத்துக்குப் பேட்டன்ட், ஆலைச் சுவருக்குள் நடக்கும் சூட்சுமத்துக்கு ரகசியம் என்று யோசிக்கத் தொடங்குங்கள். பேட்டன்ட் என்று முடிவானால் விண்ணப்பம் போடும் முன் கண்காட்சியிலோ கட்டுரையிலோ காட்டிவிடாதீர்கள். சில நாடுகள் சலுகைக் காலம் தரும், பல நாடுகள் தராது.

ரகசியம் என்றால் அதைக் காக்க நியாயமான முயற்சி எடுத்ததாகக் காட்ட வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸே இதைக் கேட்கிறது. 'மிக ரகசியம்' என்று முத்திரை குத்திய கோப்பு, புதிதாகச் சேர்ந்த பையன் உட்பட எல்லோருக்கும் திறக்கும் பொது ஃபோல்டரில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் அந்த முத்திரைக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

கேள்வி: என் கண்டுபிடிப்புக்கு நிறுவனத்தின் பேரில் பேட்டன்ட் வந்திருக்கிறது. ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கு வேறு எதுவும் இல்லையா?

பதில்: வேலையின் பகுதியாகச் செய்தது என்றால் உரிமை நிறுவனத்துக்குப் போவதே பல நாடுகளில் வழக்கம். ஆனால் கண்டுபிடித்தவராக உங்கள் பெயர் பேட்டன்டில் வர வேண்டும். பேட்டன்ட் போன்ற உரிமைகளுக்கான பாரிஸ் உடன்படிக்கை தரும் உரிமை அது. முதலில் அதைப் பாருங்கள். மேலாளரின் பெயர் மட்டும் இருந்தால் சும்மா விடாதீர்கள்.

பணம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் 1957-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. நிறுவனம் நியாயமான தொகை தர வேண்டும். ஜப்பானில் நீல எல்.இ.டி. கண்டுபிடிப்பில் பெயர் பெற்ற ஷுஜி நகமுராவுக்கு நிறுவனம் 20,000 யென் கொடுத்தது. அவர் வழக்குப் போட, 2004-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005-ல் சுமார் 84 கோடி யெனுக்குச் சமரசம் ஆனது. அவர் அதில் சந்தோஷப்படவில்லை. 2014-ல் நோபல் பரிசும் வந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வக்கீலிடம் ஓடாதீர்கள். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, கண்டுபிடிப்பு பற்றிய பகுதியைப் படியுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைப் படித்ததே இல்லை.

கேள்வி: அடுத்த வாரம் வேறு நிறுவனத்துக்கு மாறுகிறேன். ஐந்து வருடமாக நானே உருவாக்கிய எக்செல் டெம்ப்ளேட்டுகளை எடுத்துப் போகலாமா?

பதில்: கூடாது. உங்கள் மூளையில் உருவானதுதான், ஆனால் அவர்கள் சம்பளத்தில் உருவானது. டெம்ப்ளேட் எப்படிப் போடுவது என்ற திறமை உங்களோடு வரும், அதை யாரும் பிடுங்க முடியாது. புது இடத்தில் வெற்றுத் தாளில் தொடங்குங்கள். நேற்று ராத்திரி பென்டிரைவில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் திறக்காதீர்கள், நீங்களாக அழிக்கவும் வேண்டாம். பழைய நிறுவனத்திடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.