காலைல 34, சாயங்காலம் 31... எதுங்க என் கொழுப்பு?

கேள்வி: வீட்டுக்காரர் ஆன்லைன்ல கொழுப்பு பாக்குற எடை மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டார். காலைல ஏறினா 34 பர்சென்ட்ங்குது, அதே நாள் சாயங்காலம் 31ங்குது. ஜிம்ல கைப்பிடி வச்ச மெஷின் 37ங்குது. ஒரே உடம்புக்கு மூணு கணக்கா? எதை நம்புறது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மூணையும் நம்பாதீங்க. எடையை மட்டும் நம்புங்க, அதுவும் மெஷினை கார்பெட் மேல வைக்காம டைல்ஸ் தரையில வச்சிருந்தா.

அந்த மெஷின் கொழுப்பைப் பாக்கவே இல்லைங்க. வெறுங்கால்ல நிக்கிறீங்கல்ல, பாதத்துல ரொம்பச் சின்ன கரண்ட் ஒண்ணை விடும், ஒரு மில்லி ஆம்பியருக்கும் கம்மி, நமக்கு ஒண்ணும் தெரியாது, அது ஒரு கால்ல ஏறி இடுப்புக்கிட்ட திரும்பி அடுத்த கால்ல இறங்கிடும். தசையில முக்கால்வாசி தண்ணி, அதுவும் உப்புத்தண்ணி, கரண்ட் ஜம்முனு ஓடும். கொழுப்புல தண்ணி கொஞ்சம்தான், அங்க திணறும். எவ்ளோ திணறுச்சுன்னு பாத்து, கூடவே நீங்க ஆப்ல போட்ட உயரம் வயசு எல்லாம் சேத்து, உடம்புல தண்ணி இவ்ளோ, கொழுப்பில்லாத உடம்புல சுமாரா 73 சதவீதம் தண்ணி, அப்ப மிச்சம் இருக்கறது கொழுப்புன்னு கழிச்சுப் போட்டுடுது. நம்பலைன்னா ஆப்ல உயரத்தை 10 சென்டிமீட்டர் குறைச்சுப் போட்டுட்டு மறுபடி ஏறுங்க. ஒரு வாய் கூட சாப்பிடாமலே கொழுப்பு ஏறியிருக்கும்!

உங்க காலை - சாயங்கால வித்தியாசமும் இந்தத் தண்ணி பண்ற வேலைதான். ராத்திரி முழுக்க தண்ணி குடிக்கல, காலைல உடம்பு கொஞ்சம் வறண்டிருக்கும், கரண்ட் திணறும், மெஷின் அதைக் கொழுப்புன்னு நினைச்சுக்கும். பகல் பூரா நின்னு நடந்து சாயங்காலம் கால்ல நீர் இறங்கினா கரண்ட் சுலபமா ஓடும், கொழுப்பு கரைஞ்ச மாதிரி காட்டும். ஜிம் மெஷின்ல கரண்ட் கை வழியாவும் போகுது, பாதையும் வேற, ஃபார்முலாவும் வேற, ரெண்டையும் ஒப்பிடவே கூடாது. பித்தவெடிப்பு, காய்ப்பு இருந்தாலும் தப்பாக் காட்டும். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னிக்கு பிசுபிசுன்னு ஏறாதீங்க, நான் ஏறிப் பாத்துட்டேன், எரர்னு மூணு தடவை வந்துச்சு.

இன்னொண்ணு, வயித்துக் கொழுப்பு இவ்ளோ, உடம்போட வயசு இவ்ளோன்னெல்லாம் அந்த ஆப் சொல்லுமே, கால்ல மட்டும் நிக்கிற மெஷின்ல கரண்ட் வயித்துப் பக்கமே சரியாப் போறதில்ல, அப்புறம் எங்கிருந்து அளக்குறது? அதெல்லாம் ஜாதகம் பாக்குற மாதிரிதான். எனக்கு 58 வயசுன்னு சொன்ன அன்னிக்கே நான் அந்தப் பக்கத்தைத் திறக்கறதை விட்டுட்டேன்.

வாங்கினதை வீணாக்காதீங்க. காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, காபிக்கு முன்னாடி, வாரத்துல ரெண்டு மூணு நாள் ஏறி எழுதி வைங்க. பீரியட்ஸ் சமயத்துல உடம்புல நீர் கோத்துக்கும், அந்த நாளை விட்டுடுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு நம்பர் எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பாருங்க, 34ஆ 31ஆன்னு மண்டைய உடைச்சுக்க வேணாம். கூடவே தையல் டேப்பால இடுப்பு அளவும் எடுங்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டதும். நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90 தாண்டினா உஷாராகணும். இருபது ரூபா டேப், அதுக்கு சார்ஜ் கூட போட வேணாம்.

கேள்வி: எனக்கு வயசு 27, ஒல்லியாத்தான் இருப்பேன், பி.எம்.ஐ (எடையை உயரத்தோட வச்சுப் பாக்குற கணக்கு) 22. மெஷின் கொழுப்பு 24ங்குது. மெஷின் ரிப்பேரா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, நம்பர் முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேந்து தங்களையே உதாரணமாப் போட்டிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ 22.3தான், ஆனா யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! ஒல்லியாத் தெரியுற நம்ம ஆளுங்களுக்கு உள்ள இப்படி இருக்கறது சகஜம். தொப்பை இருந்தா, வீட்ல யாருக்காச்சும் சுகர் இருந்தா, ஒரு தடவை வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு. இந்த மெஷின்ல ஏறலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம்மா. கரண்ட் சின்னதுதான்னாலும் பேஸ்மேக்கர் வச்சவங்க ஏறக்கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருப்பாங்க, பொடி எழுத்துல. அப்பாவுக்கு முள்ளு வச்ச பழைய எடை மெஷினே போதும்.