லேசாக இடித்துக்கொண்ட பிறகு எதிராளி எகிறினால் என்ன செய்வது? – கேள்வி பதில்

மோட்டார் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்ப்பது என் தொழில். நசுங்கிய பம்பரோடு வருகிறவர்களில் பலருக்கு, வண்டிச் செலவைவிட ரோட்டில் வாங்கிய பேச்சுதான் அதிகம் வலிக்கிறது. அதனால் இந்த முறை அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு நடைமுறைப்படி.

வேளச்சேரியிலிருந்து: சிக்னலில் வேகத்தைக் குறைத்தபோது பின்னால் வந்த கார் என் டிக்கியில் இடித்தது. இறங்கியவர், "நீ ஏன்யா திடீர்னு பிரேக் போட்டே?" என்று என் மேலேயே பாய்ந்தார். கூட்டம் கூடி ஆளுக்கொரு தீர்ப்பு. எனக்கு வாயடைத்துவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும் சார்?

அதிகம் சொல்லாமல் இருந்ததே நல்லது. யார் மேல் தப்பு என்று அந்த இடத்தில் முடிவு செய்யும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, டீக்கடை வாசலில் நின்று பார்த்தவருக்கும் இல்லை. கத்தி ஜெயித்தாலும், சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயரின் ரிப்போர்ட்டில் அது ஒரு வரியாகக்கூட ஏறாது. படங்கள், நேரம், இடம், வண்டி எண் இவைதான் ஏறும். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வேலை இவற்றைச் சேர்ப்பதுதான்.

முதலில் டபுள் இண்டிகேட்டரைப் போடுங்கள். இறங்கியதும் முதல் பேச்சு, "உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே சார்?" என்பதாக இருக்கட்டும். இதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் முதலில் தெரிய வேண்டியது. எகிறி வருகிற ஆளும் பெரும்பாலும் பயத்தில்தான் இருப்பார். வண்டி ஓனருடையதாக இருக்கலாம், இன்சூரன்ஸ் முடிந்திருக்கலாம், வீட்டில் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். அடி பட்டதா என்று கேட்டால் பல பேருடைய குரல் அந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

அப்புறம் போனை எடுங்கள். வண்டிகளை நகர்த்தும் முன், இரண்டு நம்பர் பிளேட்டும் ரோட்டுக் கோடும் பக்கத்துக் கடை போர்டும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று சில படங்கள். அதன்பிறகு நசுங்கிய இடத்தைக் கிட்டத்தில். கேமராவை அவர் முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள், அடிதடி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படம் எடுத்ததும் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள். நடுரோட்டில் நின்று வாதாடும்போது பின்னால் வருகிற லாரிக்கு உங்கள் நியாயம் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விட்டு வருவது பின்னால் வருபவரின் கடமை. முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட்டதால் பின்னால் வந்த கார் மோதிய ஒரு வழக்கில், 10–15 அடி இடைவெளி போதாது, கவனக்குறைவு கார் ஓட்டியவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே "திடீர் பிரேக்" வாதம் அவருக்குப் பெரிதாக உதவாது. ஆனால் நீங்கள் ரிவர்ஸ் எடுத்திருந்தாலோ, பக்கத்து வரிசையிலிருந்து குறுக்கே புகுந்திருந்தாலோ கதை வேறு.

கோவையிலிருந்து: எதிராளி என் கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "15,000 ரூபாய் குடுத்துட்டுப் போ" என்றார். பயத்தில் கொடுத்துவிட்டேன். சரியா?

கொடுத்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு நடுவே தனியாக நிற்பவரின் நிலை வேறு. ஆனால் இனி தெரிந்திருக்கட்டும்: சாவியைப் பிடுங்கி ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 126-ஆவது பிரிவு. மிரட்டல் 351-ஆவது பிரிவு. பிரிவு எண்ணை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம், அது சூட்டைத்தான் கூட்டும். அவசர உதவி எண் 112-ஐ அழைத்து, அவர் காதில் விழும்படி இடத்தையும் வண்டி எண்ணையும் நிதானமாகச் சொல்லுங்கள், போதும்.

பணம் கொடுக்கலாமா என்பதில் என் கருத்து இது. யாருக்கும் அடியில்லை, சேதம் டிங்கரிங், பெயிண்டிங்கோடு முடியும், தப்பு நம்முடையது என்று உங்களுக்கே தெரிகிறது என்றால், பேசி முடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ரொக்கமாக வேண்டாம், ஜிபே மாதிரி பதிவு நிற்கிற வழியில் கொடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, இடம், இரண்டு வண்டி எண்கள், தொகை, இந்தச் சேதத்துக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி முடித்த பிறகு இன்சூரன்ஸில் கிளெய்ம் போட நினைக்காதீர்கள். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று உங்கள் பாலிசி நிபந்தனையிலேயே இருக்கும்.

யாருக்காவது சின்னக் காயம் இருந்தாலும் இந்த வழியே வேண்டாம். கழுத்து, முதுகு வலியெல்லாம் மறுநாள்தான் தெரியவரும். 108-ஐ அழையுங்கள், ஸ்டேஷனில் தெரிவியுங்கள்.

பல பேர்: பதற்றத்தில் "சாரி" என்று சொல்லிவிட்டேன். அதுவே ஒப்புதலாகிவிடுமா?

சாரி சொன்னதால் குடி முழுகிப் போகாது. "தப்பு என்மேல்தான், முழுச் செலவும் நான் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேண்டாம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் வேலைக்குப் போகும் ஒரு பெண்: இரவு 11 மணிக்கு மேல் இடித்தவர்கள் நான்கு பேராக இறங்கி என் கண்ணாடியைத் தட்டினார்கள். நான் இறங்காமல் வண்டியை எடுத்துவிட்டேன். ஓடிப்போனதாகக் கேஸ் வருமோ என்று தூக்கமில்லை.

நீங்கள் செய்தது சரிம்மா. உங்கள் உயிரும் மானமும் முதலில், பம்பர் அப்புறம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 134-ஆவது பிரிவு விபத்தில் சிக்கிய ஓட்டுநரின் கடமைகளைச் சொல்கிறது. அடிபட்டவருக்கு உதவ வேண்டும் என்று சொல்லும் அதே இடத்தில், கூட்டத்தின் ஆத்திரத்தாலோ கைமீறிய வேறு காரணத்தாலோ முடியாமல் போனால் விலக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் சும்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் நடந்ததையும் நிற்க முடியாமல் போன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் அந்த நேரம் கடக்கவில்லை என்றால் இப்போதே போங்கள். கடந்திருந்தாலும் போங்கள், தாமதத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள்.

அடுத்த முறை (வரவே வேண்டாம்) கதவைப் பூட்டியபடி, கண்ணாடியை விரல் அளவு இறக்கி, "முன்னாடி பெட்ரோல் பங்க்ல நிறுத்துறேன், அங்கே வாங்க" என்று சொல்லிவிட்டு வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போங்கள். போகும்போதே ஸ்பீக்கரில் 112-ஐ அழைத்துவிட்டால், நீங்கள் ஓடவில்லை என்பதற்கு அந்த அழைப்பே சாட்சி.

திருச்சியிலிருந்து: பெயர், போன் நம்பர் எதுவும் தராமல் கிளம்பிவிட்டார். துரத்தலாமா?

துரத்தாதீர்கள். நம்பர் பிளேட் இருந்தால் போதும். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் வண்டியின் மாடலும் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்திருப்பார்கள், முழு விவரத்தைப் போலீஸ் எடுக்கும். விபத்தில் பாதிக்கப்பட்டவர் தன் பெயர், முகவரியைக் கொடுத்துக் கேட்டால் ஓட்டுநரும் தன்னுடையதையும் ஓனருடையதையும் கொடுக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு. அதனால் முதலில் உங்கள் விவரத்தை நீட்டுங்கள். நாம் கொடுத்தால் எதிரே இருப்பவரும் கொடுக்கிறார், பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து: அவர் குடித்திருந்தார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. வாசனை அடித்தது.

அதை அவரிடம் சொல்லிச் சண்டையை வளர்க்காமல் போலீஸிடம் சொல்லுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. நேரம் போகப் போக அளவு இறங்கும் என்பதால் அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

"நான் யார் தெரியுமா?" என்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

"சரி சார், ஸ்டேஷன்லயே பேசிக்கலாம்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

சென்னையிலிருந்து: இடித்தவர் கால் டாக்ஸி ஓட்டுநர். முதலில் எகிறினார், பிறகு காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவரிடம் பணம் கேட்க மனம் வரவில்லை. ஆனால் எனக்கும் செலவு.

உங்கள் மனசு சரியான இடத்தில்தான் இருக்கிறது. வண்டியைத் தினவாடகைக்கு ஓட்டுபவர் என்றால் உங்கள் டெயில் லேம்ப் விலை அவருடைய பல நாள் சம்பாத்தியம். அவருடைய பாக்கெட்டைப் பார்க்காமல் பாலிசியைப் பாருங்கள். ஓனர் எண்ணையும் பாலிசி நகலையும் வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிடுங்கள். உங்களிடம் முழு இன்சூரன்ஸ் இருந்தால், யார் மேல் தப்பானாலும் உங்கள் வண்டிச் சேதத்துக்கு உங்கள் கம்பெனியிலேயே கிளெய்ம் செய்யலாம்.

சேலத்திலிருந்து: அவருடைய இன்சூரன்ஸில் வாங்குவதா, என்னுடையதிலா? சேதம் 7,000 ரூபாய் சொல்கிறார்கள்.

சட்டப்படி அவருடைய தேர்டு பார்ட்டி பாலிசி, அதாவது அவரால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் பாலிசி, உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பொறுப்பு. வழக்கமான உச்சவரம்பு காருக்கு 7.5 லட்சம், பைக்குக்கு 1 லட்சம். ஆனால் அவர் கம்பெனி தானாகத் தராவிட்டால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். 7,000 ரூபாய்க்கு வக்கீல், வாய்தா என்று அலையச் சொல்ல எனக்கு மனமில்லை.

உங்கள் பாலிசி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும். பிளாஸ்டிக் பாகங்களில் பொதுவாகத் தேய்மானமும் கழிப்பார்கள். அதைவிடப் பெரியது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீத போனஸில் 5,000 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது கிளெய்ம் போட்டால் புதுப்பிக்கும்போது முழு 10,000. அதற்கடுத்த வருடம் 20 சதவீதம்தான் கழியும். 7,000 ரூபாய் கிளெய்முக்கு அதைவிட அதிகம் பிரீமியத்தில் போய்விடும். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் வாங்கியிருந்தால் மட்டும் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் கைக்காசில் சரிசெய்வதே மேல்.

ஈரோட்டிலிருந்து: சம்பவம் முடிந்து ஒரு வாரம் கழித்து, "கழுத்து வலிக்குது, 50,000 அனுப்பு, இல்லேன்னா கேஸ்" என்று தினமும் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார்.

இரண்டு விதமாகவும் இருக்கலாம். உண்மையிலேயே வலி இருக்கலாம், அதை முதலிலேயே பொய் என்று ஒதுக்காதீர்கள். "டாக்டர் சீட்டு, ஸ்கேன் எல்லாம் வச்சுக்கோங்க, என் இன்சூரன்ஸ் விவரம் இதோ, முறைப்படி கேளுங்க" என்று ஒரே ஒரு முறை எழுதி அனுப்புங்கள். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியதே இதற்காகத்தான். வழக்கு வந்தால் உங்கள் சார்பில் உங்கள் கம்பெனி வாதாடும். அதற்கு அவர்களுக்கு இன்றே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அதற்குப் பிறகும் மிரட்டினால் அந்த மெசேஜ்களின் பிரிண்டோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். பணம் மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு தடவை அனுப்பினால் அது முதல் தவணையாகிவிடும்.

டேஷ்கேம் வாங்குவது வீணா?

வாங்குங்கள். ஆனால் அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். சம்பவம் நடந்த அன்றே மெமரி கார்டைக் கழற்றித் தனியே வையுங்கள். நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை இழந்தால் கோர்ட்டில் சிரமம்.

தஞ்சாவூரிலிருந்து: ஸ்டேஷனில், "சின்ன இடி தானே, நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று புகாரை வாங்க மறுக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் கிளெய்ம் கிடைக்குமா?

காயமில்லாத சின்னச் சேதத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். கேட்க மாட்டார்கள். திருட்டு, காயம், உயிரிழப்பு, பிறர் சொத்துக்குப் பெரிய சேதம் என்றால் கேட்பார்கள். உங்களுக்குத் தேவை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். வாய்வார்த்தையாகச் சொல்லாமல், ஒரு பக்கத்தில் புகாராக எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். எதிராளியைத் திட்டாமல் நேரம், இடம், வண்டி எண், நடந்தது, அவர் சொன்ன வார்த்தைகள் என்று மட்டும் இருக்கட்டும். அப்போதும் வாங்கவில்லை என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம், அல்லது மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பதை மட்டும் இதற்காகக் காக்க வைக்காதீர்கள். இன்றைக்கே போன் போட்டு கிளெய்ம் எண்ணை வாங்கிவிடுங்கள், சி.எஸ்.ஆர். வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.